மதார் சாகிபு போட்ட ஓட்டை

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் எந்த டின்னும் இயற்கையாகச் செத்தது கிடையாது. இருசப்பன் இருந்தவரை அதற்கு அனுமதி இல்லை. பால் டின் விளக்காகும். விளக்கு துருப்பிடித்தால் தேங்காய்த் துருவியாகும். துருவி மழுங்கினால் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டாகும். கோழி அதையும் கொத்தி ஓட்டை போட்டால் சல்லடையாகும். பிஸ்கட் டின்னில் முட்டையிடப் பழகிய அவன் வீட்டுப் பெட்டைக்கோழி ஒன்று சதுரமாக முட்டையிட்டது. ஒரே ஒரு முட்டைதான். அதற்குமேல் அதனால் முடியவில்லை. அந்த முட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆகையால் அதைப் பற்றி விவாதம் வேண்டாம்.

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி, கோலா சிலாங்கூர் போகும் சடக்கில் இடது கைப்பக்கம் உள்ளே போனால் அந்தத் தோட்டம். அவசரகாலம் என்று சொல்லப்பட்ட வருடங்கள் அவை. காட்டுக்குள் இருந்தவர்கள் வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காக நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காலையில் வேலிக் கதவு திறந்ததும் பால்மரம் வெட்டப் போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடுமாம். கறுப்புக் கோப்பி மட்டும் கொண்டுபோகலாம். கதவில் நின்ற காவல்காரர் அதையும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். அந்த வருடங்களில் அவருக்குத் தூக்கமே வரவில்லை என்று கேள்வி.

டின் சாமான்களுக்கும் சட்டம் இருந்தது. பால் டின்னோ மத்தி டின்னோ, கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். ஓட்டை விழுந்த டின் இரண்டொரு நாளில் கெட்டுவிடும். காட்டில் சேர்த்துவைக்க ஆகாது. எங்கள் கடைக்காரர் மதார் சாகிபு, அதிராம்பட்டினத்துக்காரர். வேலிக் கதவை ஒட்டினாற்போல் கடை. சட்டத்துக்குப் பயந்த மனிதர். சட்டம் ஓர் ஓட்டைதான் கேட்டது. அவர் மூன்று போடுவார். மேலே ஒன்று அரசாங்கத்துக்கு, பக்கத்தில் இன்னொன்று பால் தடையில்லாமல் ஊற்ற, அடியில் ஒன்று அவருடைய மனநிம்மதிக்கு. அடி ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டே பெண்கள் லயத்துக்கு ஓடுவார்கள். போனதும் ஒரு துண்டு ஒட்டுப்பாலை உருட்டி அதில் திணிப்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் அடைப்பானுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ரப்பர் அடைப்பான் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிக் கழன்றுவிடும். விளக்குக்கு ஆகாது. அதனால் இருசப்பன் ஈயம் வைத்து அடைத்துவிடுவான். தேய்ந்துபோன பால்வெட்டு உளியை அடுப்பில் காய்ச்சி, பழைய டின்களின் மூட்டிலிருந்து வழித்த ஈயத்தைக் குங்கிலியம் தொட்டு வைப்பான். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவினாலும் தெரியாது.

அந்த ஐப்பசியில் அவன் கார்த்திகை விளக்குகளுக்காக டின் சேர்த்துக்கொண்டிருந்தான். லயத்தில் எல்லா வீட்டிலிருந்தும் காலி டின்கள் வந்து குவிந்தன. ஒரு பிற்பகல், வெட்டு முடிந்து, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் மனைவி நாகமணி புல்லு வெட்டிவிட்டு வந்தவள், மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாய்யா, அடுப்பு வேணும். ஒன் உளிய எடுத்துக்க."

"கொஞ்சம் பொறு புள்ள. இப்பத்தான் சூடு ஏறியிருக்கு. எடுத்தா ஈயம் பிடிக்காது."

"ஈயம் பிடிக்குதோ என்னவோ, எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போவுது. காலையில எந்திரிச்சா மொதல்ல டின்னு உருளுது, அப்பறந்தான் கோழி கூவுது."

"கார்த்திகை வருதுல்ல. அம்மன் கோயிலச் சுத்தி வரிசையா வைக்கணும்னு பூசாரி தங்கராஜு சொல்லிட்டுப் போறாரு."

"அவரு சொல்லுவாரு. அவரு வீட்லயா உருளுது? இத்தன நாளா அடச்சி அடச்சி அடுக்குற. ஒரு வெளக்காச்சும் முடிச்சியா? ஒண்ண முடிச்சி ஏத்திக் காட்டு, பாப்போம்."

"அப்படிச் செய்யக் கூடாது. அடைக்கறதுன்னு ஒக்காந்தா எல்லாத்தையும் அடச்சிரணும். அப்பறம் தொளைக்கறதுன்னு ஒக்காந்தா எல்லாத்தையும் தொளைக்கணும். அப்பறம் திரிக்குழாய். மரம் வெட்டறப்ப ஒரு மரத்த வெட்டி, பால் சொட்டி முடியற வரைக்கும் நின்னு, வாளியில ஊத்திட்டா அடுத்த மரத்துக்குப் போறோம்? எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான பால் எடுக்க வர்றோம்."

நாகமணி உளியைக் கந்தலால் பிடித்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சட்டியை ஏற்றினாள். அந்த வீட்டில் வாதங்கள் இப்படித்தான் முடியும்.

அடுத்த நாளே லோரிகள் வந்தன. ஆட்கள் மரத்தடியில் இருந்த நேரம் பார்த்து, போலீஸார் லயத்தை வீடு வீடாகக் குடைந்தார்கள். மற்ற வீடுகளில் அவர்களுக்குக் கிடைத்தது மூட்டைப்பூச்சி. இருசப்பன் வீட்டில் கூரைவரை பால் டின் கிடைத்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெளியே ஓர் ஓட்டையுமில்லை. எல்லாம் கம்பெனியிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல மூடிப் பளபளவென்றிருந்தன. காகிதம் மட்டும் உரிந்திருந்தது.

கஞ்சியில் முக்கி எடுத்ததுபோல வெளுத்திருந்த ஓர் இளவயது இன்ஸ்பெக்டர்தான் தலைமை. இருசப்பனை மரத்தடியிலிருந்து கூட்டிவரச் சொன்னார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுத் திடலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆபீஸ் கிராணி சிவானந்தத்தைத் துபாஷியாக வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். கிராணிக்குக் கணக்கு நன்றாக வரும். போலீஸைக் கண்டால் பேச்சு வராது.

"தொரை கேக்கிறார். காலி டின்னை எதுக்கு அடைச்சே?"

"வெளக்குக்குங்க."

"விளக்குன்னா திரி போட ஓட்டை வேணுமேன்னு கேக்கிறார்."

"ஆமாங்க. போடுவேனுங்க."

"ஓட்டை வேணும்னா, இருந்த ஓட்டையை ஏன் அடைச்சே?"

இருசப்பனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. தன் வேலையைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

"அது மதார் சாகிபு போட்ட ஓட்டங்க. ஓரத்துல கெடக்கு. திரி ஓரத்துல நின்னா வெளக்கு ஒரு பக்கமாத் திரும்பிக்கிட்டு எரியும், மாமியா வூட்டுல கோவிச்சிக்கிட்டு ஒக்காந்த மாப்ள மாதிரி. திரின்னா நடுவுல நிக்கணும்."

கிராணி இதை இங்கிலீஷில் சொன்னார். வழியில் திரியும் விளக்கும் விழுந்துவிட்டன போலிருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் போய்ச் சேர்ந்தார். அந்த மாப்பிள்ளையின் பெயர் என்ன, எந்தக் காட்டில் இருக்கிறான், எதற்காகக் கோபம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மதார் சாகிபுவையும் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"தொரை, சட்டம் ஒரு ஓட்டைதான் கேட்டுச்சு. நான் மூணு போட்டேன். அல்லா அறிய மூணு. அரசாங்கத்துக்கு ரெண்டு ஓட்டை நான் சும்மாவே கொடுத்திருக்கேன்."

"நீ ஓட்டை போடு, அவன் அடைக்கட்டும்னு ரெண்டு பேரும் பேசி வச்சீங்களான்னு கேக்கிறார்."

"நான் போட்ட ஓட்டையை இந்தப் பாவி அடைக்கிறான்னு தெரிஞ்சிருந்தா நாலாப் போட்டிருப்பேனே."

இன்ஸ்பெக்டர் தீர்ப்பைச் சொன்னார். சாகிபுவின் கடையை இப்போதைக்குப் பூட்ட வேண்டும். இருசப்பனை மாலையில் லோரியில் ஏற்றி கோலா சிலாங்கூருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே காவலில் அடைப்பு, அதன் பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல். இருசப்பன் பிறந்தது இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில். கடலையே அவன் தூரத்தில் நின்று ஒருமுறைதான் பார்த்திருக்கிறான். கடைசியாக இன்னோர் உத்தரவு: ஓட்டை அடைத்த டின் இந்தத் தோட்டத்தில் எங்கே இருந்தாலும், யாரிடம் இருந்தாலும், என்னவாக இருந்தாலும், ஒன்று விடாமல் பொழுது சாய்வதற்குள் திடலில் கொண்டுவந்து போட வேண்டும். வைத்திருப்பவர்களுக்கும் அதே கப்பல்.

நாகமணிக்குச் செய்தி எட்டியபோது அவள் காட்டோரத்தில் லாலான் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். அரிவாளோடு ஓடிவந்தவளை வேலிக் கதவில் நிறுத்தி அரிவாளை வாங்கிக்கொண்டார்கள். பூட்டிய கடை வாசலில் மதார் சாகிபு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"புள்ள, கிராணியைப் புடிச்சு ஒரு பெட்டிசன் எழுதச் சொல்லு. பெரிய தொரைமாருக்குப் போவட்டும்."

"பெட்டிசன் கோலாலம்பூரு போயித் திரும்பறதுக்குள்ள எம் புருசன் நாகப்பட்டணத்துல எறங்கிடுவான், நானா. எறங்கி யாரு வீட்டுக்குப் போவான்? அந்த நாட்டுல அவனுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு ஒங்க மச்சான். அவரையும் நீங்க திட்டித்தான் கேட்டிருக்கான்."

"அவன் வீட்டுக்கு மட்டும் போவ வேணாம். சோறு போட மாட்டான்."

"தொரை என்னா உத்தரவு போட்டாரு? திருப்பிச் சொல்லுங்க."

மதார் சாகிபு சொன்னார்.

"யாருகிட்ட இருந்தாலுமா?"

"யாருகிட்ட இருந்தாலும்."

"என்னவா இருந்தாலுமா?"

"அப்படித்தான் புள்ள சொன்னாரு."

நாகமணி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறி மறுபடி இறுக்கிக் கட்டினாள். "சரி. அப்ப நாம சட்டப்படியே நடப்போம்," என்றாள்.

முதல் லயத்திலிருந்து ஆரம்பித்தாள். விளக்குகள் வந்தன. துருவிகள் வந்தன. படி, உழக்கு, புனல், தண்ணீர் மொள்ளும் குவளை, தோசை திருப்பும் தகடு, எலிப்பொறி, பூசாரியின் தூபக்கால் எல்லாம் வந்தன. வேலம்மா வீட்டுக் குழந்தை உட்கார்ந்திருந்த பானை குழந்தையை எழுப்பிவிட்டுக் கொண்டுவரப்பட்டது. குழந்தை பின்னாலேயே அழுதுகொண்டு வந்தது. அதற்கு இன்னும் வேலை முடியவில்லை.

கூரைகள் விஷயத்தில்தான் கொஞ்சம் தாமதம். லயத்துக் கூரைகளில் பாதி, மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விரித்துத் தைத்தவை. பழைய ஆணி ஓட்டைகளையெல்லாம் இருசப்பன் அடைத்திருந்தான். மண்டோர் ரெங்கசாமி ஏணியின் அடியில் வந்து நின்றார். தோட்டத்தில் ஐம்பது வெட்டுக்காரர்களை மேய்ப்பவர். நாகமணிக்கு மாமன் முறை.

"ஏ நாகமணி, என்னாடி இது, கூரைலா."

"கூரைதான் மாமா. ஆனா டின்னுல்ல. அடச்சதுல்ல."

"மழை வருதே."

"வருது. ஒங்க கூரைய ஒளிச்சி வச்சிட்டு நாளைக்கி எம் புருசனோட நீங்களும் கப்பலேறுறீங்களா? போறதுன்னா சொல்லுங்க, மாமாவத் தொணைக்கி அனுப்பறேன்னு தொரைகிட்ட சொல்லிடறேன்."

ரெங்கசாமி வானத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப ஸ்டோர்ல இருக்கற பால் வாளி?"

"அடியில யாரு ஒட்டுப் போட்டது?"

"இவந்தான். முக்காவாசி வாளி இவன் ஒட்டுதான்."

"அப்பறம் எதுக்கு மாமா நின்னுகிட்டிருக்கீங்க?"

வாளிகள் தோளில் சுமக்கும் காண்டாக் கம்புகளில் கோத்து ஊர்வலமாக வந்தன. மரத்தில் பால் சொட்டும் மங்குகளில் பாதி, மத்தி டின்கள். அவையும் கூடை கூடையாக வந்தன. காவல்காரர்கள் தங்கள் கோப்பிக் குவளைகளைத் தாங்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். சட்டத்தை அவர்களே மதிக்காவிட்டால் யார் மதிப்பது? திடலில் மேடு எழும்பியது. இன்ஸ்பெக்டரின் மேசையை இரண்டு தடவை பின்னால் நகர்த்த வேண்டியிருந்தது. மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் மலாக்கா நீரிணை தெரிந்தது என்று சிலர் சொல்வார்கள். அது மிகை. ஆற்று முகத்துவாரம் மட்டும்தான் தெரிந்தது.

தோட்டத்துத் துரை அப்போது பங்களாவில் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய குளிக்கும் பூவாளி, மதார் சாகிபு எண்ணாமல் குத்தித் தள்ளிய ஒரு பால் டின். தண்ணீர் கன்னாபின்னாவென்று பாய்ந்ததால், வேண்டாத ஓட்டைகளை இருசப்பன் அடைத்துக் கொடுத்திருந்தான். பங்களாச் சமையல்காரன் செல்லன் நேர்மையானவன். குளிக்கும் அறைக்குள் போய், "மன்னிக்கணும் தொரை, சட்டம்," என்று சொல்லிப் பூவாளியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். துரை தலையில் நுரையும் இடுப்பில் துண்டுமாகக் காரில் ஏறிப் பின்னாலேயே வந்தார். காதுக்குள் சோப்பு இருந்ததால் முதலில் எதைச் சொன்னாலும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மேட்டைப் பார்த்தார். அதில் தன் வாளிகளைப் பார்த்தார். கூரையில்லாத லயங்களைப் பார்த்தார். கடல் பக்கத்திலிருந்து கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. கைகள் கட்டப்பட்டு நின்ற இருசப்பனை அப்போதுதான் கவனித்தார். வெள்ளைக்காரர்கள் இருவரும் இங்கிலீஷில் பேசத் தொடங்கினார்கள். துரையின் பேச்சில் 'வாளி' என்பதற்கு இங்கிலீஷ்காரன் சொல்லும் சொல் அடிக்கடி வந்தது. நாளைக்குப் பாலை எதில் எடுப்பது, உன் தொப்பியிலா என்று கேட்டதாகக் கிராணி பிற்பாடு சொன்னார்.

நாகமணி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு கையில் ஈரத்துணி போட்டு மூடிய அலுமினியத் தட்டு. இன்னொரு கையில் அடைத்த பால் டின்.

"கிராணியய்யா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. நீங்களா எதுவும் சேக்கவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

"சொல்லு."

"காட்டுக்காரனுக்கு இந்த டின்னு எதுக்கு? இதுக்குள்ள அரிசி போட வாய் எங்க இருக்கு? தொரைய ஒரு மணி அரிசி போட்டுக் காட்டச் சொல்லுங்க. காட்டிட்டா எம் புருசன நானே லோரியில ஏத்தி விடறேன்."

கிராணி இந்தத் தடவை தடுமாறவில்லை. இன்ஸ்பெக்டர் டின்னை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார், பக்கவாட்டில் உருட்டினார், மறுபடி நேராக வைத்தார். அவர் முட்டாள் இல்லை. ஒன்று சொன்னார்: காலி டின்னை இவ்வளவு சுத்தமாக அடைக்கிற கை, நிறைந்த டின்னையும் அடைக்கும். எனக்குப் பயம் டின்னைப் பற்றி அல்ல, அந்தக் கையைப் பற்றி.

"கை அப்படித்தான் தொரை," என்றாள் நாகமணி. "அந்தக் கை அடச்சதத்தான் இங்க கொட்டி வச்சிருக்கோம். நாங்க தலைக்கு மேல போட்டிருந்தது, சோத்துக்கு அளந்தது, நீங்க ரப்பர் கொண்டு போற வாளி, எல்லாம் அந்தக் கைதான். ஒளிச்சி வேல செய்யறவனா இருந்தா இத்தன பேருக்குத் தெரியுமா? அவன் ஒரு வெளக்கு செஞ்சா அத ஊரெல்லாம் காட்டிட்டுத்தான் ஏத்துவான். எனக்குத் தெரியாதா அவன?"

முதல் மழைத்துளி மேட்டின் மேல் விழுந்தது. டங் என்றது. பின்னால் நின்ற ஐம்பது அறுபது குடும்பங்களும் அண்ணாந்து பார்த்தன. துரை மறுபடி வாளி என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். இருசப்பனை விடுகிறேன், கடையையும் திறக்கலாம் என்றார். இரண்டு நிபந்தனைகள். இனி இருசப்பன் எதை அடைத்தாலும் இந்தத் திடலில், எல்லார் கண்ணெதிரில் உட்கார்ந்து அடைக்க வேண்டும். இப்போதைக்கு, அவன் வீட்டில் அகப்பட்ட டின்கள் அத்தனையிலும், தன் கண்முன்னால், உடனே போலீஸார் ஆளுக்கொரு ஆணி எடுத்து ஓட்டை போட வேண்டும். சட்டம் சட்டம்தான்.

கைக்கட்டை அவிழ்த்ததும் இருசப்பன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு கிராணியிடம் கேட்டான்:

"எந்த எடத்துலங்க போடணும்?"

கிராணி கேட்டார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை இல்லை. ஒரு டின்னை எடுத்து மேசைமேல் வைத்து, அதன் தலையில் நட்ட நடுவே விரலை ஊன்றிக் காட்டினார்.

"இங்க," என்றார் கிராணி.

இருசப்பன் அந்த விரலையே பார்த்தான். பிறகு நாகமணியைப் பார்த்தான். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் தகரங்களைத் தூக்கிக்கொண்டு கூரைகளுக்கு ஓடினார்கள். துரை பூவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, இருந்த நுரையை மழையிலேயே கழுவிக்கொண்டு காருக்குப் போனார். மதார் சாகிபு தன் ஆணியையும் சுத்தியலையும் கொண்டுவந்தார். "இதுல எனக்குப் பழக்கம் உண்டு, தொரை," என்று முதல் ஆளாக உட்கார்ந்தார். போலீஸார் அத்தனை பேரும் பெரட்டுக் கொட்டகைக்குள் வரிசையாகக் குந்தி, டின்னுக்கு ஒன்றாக, நட்ட நடுவே, டொக் டொக் என்று குத்தினார்கள். இன்ஸ்பெக்டர் முன்னும் பின்னும் நடந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். கார்த்திகைக்கு இருசப்பன் பல பிற்பகல்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையை, அரசாங்கம் சம்பளம் வாங்காமல் ஒரே மழையில் செய்து முடித்தது.

இருசப்பன் காலையிலிருந்து பட்டினி. நாகமணி தட்டின் துணியை விலக்கினாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும். அவன் சாப்பிடவில்லை. குத்திய டின்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வரிசையில் நடந்தான். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தபோது ஒரு டின்னருகே நின்றான். மீசை முளைக்காத ஒரு போலீஸ்காரப் பையன் குத்தியது. ஓட்டை ஓர் அரை விரல் அகலம் விலகியிருந்தது. இருசப்பன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு டின்னை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"தொரை, இது கோணல். இத மட்டும் அடச்சிட்டு மறுபடியும்…"

கிராணி மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் நாகமணி ஒரு கிழங்குத் துண்டைச் சம்பாலோடு எடுத்து இருசப்பன் வாயில் முழுசாகத் திணித்தாள்.

"என்ன சொல்கிறான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பசிக்குதாம் தொரை," என்றாள் நாகமணி.

அவன் மென்று முடிப்பதற்குள் அடுத்த துண்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள்.